இரண்டு மண்டையோடுகளும் ஒரு கால்பந்துக் கோப்பையும்

கிரேக்க நாடு ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையை வென்ற அன்று, நாடு முழுவதிலும் சந்தோஷப்படாத கிரேக்கர் ஒரே ஒருவர்தான் இருந்தார். பெத்ரோஹோரி என்னும் மலையூரின் கொத்தனார் ஸ்டெர்யோஸ். ஊரே தெருவில் இருந்தது. பாதிரியார் நெக்தாரியோஸ் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடினார். படுத்த படுக்கையாய்க் கிடந்த மூன்று பேர் எழுந்து உட்கார்ந்தார்கள்; அவர்களில் ஒருவர் அதற்குப் பிறகு பதினோரு வருடம் படுக்கவே இல்லை. ஸ்டெர்யோஸ் மட்டும் காபிக்கடை மூலையில், சுண்ணாம்பு படிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தோற்றுப்போன நாட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

காரணம், அன்று சாயங்காலம் அவர் செய்துவிட்டு வந்த காரியம்.

பெத்ரோஹோரியில் நிலம் என்றால் பாறைதான். கல்லறைத் தோட்டம் ஒரு கல்யாண மேசைவிரிப்பின் அகலம் இருக்கும். அதனால் இறந்தவருக்கு மண்ணுக்குள் ஐந்து வருடம்தான் இடம். ஐந்து வருடம் முடிந்ததும் தோண்டியெடுத்து, எலும்புகளைத் திராட்சை ரசத்தில் கழுவி, வெயிலில் உலர்த்தி, பெயரும் புகைப்படமும் ஒட்டிய மரப்பெட்டிக்குள் அடுக்கி, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் எலும்பறையில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். உயிரோடிருந்தபோது ஒரே மேசையில் உட்கார மறுத்தவர்கள் எல்லாம் அங்கே தோளோடு தோள் உரசிக்கொண்டு இருப்பார்கள். சனிக்கிழமைதோறும் பெண்கள் போய்ப் பெட்டியைத் துடைத்து, எண்ணெய் விளக்கேற்றி, அந்த வாரத்துச் செய்திகளைச் சொல்லிவிட்டு வருவார்கள்.

அந்த எலும்பறையின் பலகைத் தட்டு உளுத்துப் போயிருந்தது. பாதிரியார் ஸ்டெர்யோஸைக் கூப்பிட்டு, "பெட்டி நாற்பத்து மூணையும் முதல்ல முற்றத்துக்கு இறக்கு. அப்புறம்தான் சுத்தியலைத் தொடணும். சனிக்கிழமைக்குள்ள முடிச்சுடு" என்று சொல்லியிருந்தார். வியாழக்கிழமை அரையிறுதி ஆட்டத்தில் நாடு வென்றது. வெள்ளிக்கிழமை ஊர் முழுவதற்கும் தலைவலி. சனிக்கிழமை அந்தத் தலைவலியின் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது பாவம். இருந்தாலும் ஊர்க்காரர்கள் எல்லோரும் காபிக்கடைக் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில், ஸ்டெர்யோஸ் பையைத் தூக்கிக்கொண்டு எலும்பறைக்குள் நழுவினார்.

நாற்பத்து மூன்று பேரை இறக்கி, திரும்ப ஏற்றினால் முதல் பாதி ஆட்டம் போய்விடும். இறக்கவில்லை. பெட்டிகள் இருக்கும்போதே தட்டினார். மூன்றாவது அடியில் பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டு பெட்டிகள் கீழே விழுந்து மூடி திறந்துகொண்டன. மற்ற எலும்புகள் ஏறக்குறைய அதனதன் பெட்டியிலேயே கிடந்தன. அந்த 'ஏறக்குறைய'வைப் பற்றி யோசிக்க அவருக்குப் பிற்பாடு நிறைய நேரம் கிடைத்தது. இரண்டு மண்டையோடுகள் மட்டும் தரையில் உருண்டு, அறையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, மெழுகுவத்திப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன.

ஒரு பெட்டி, தேனீ வளர்த்த ஸீசிஸுடையது. மற்றது, கோவேறு கழுதை வியாபாரி கொஸ்மாஸுடையது. இருவரும் பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள். நடுவில் நின்ற ஒரே ஒரு வாதுமை மரத்துக்காக முப்பத்தோரு வருடம் வழக்காடியவர்கள். அந்த வழக்கு மூன்று நீதிபதிகளை ஓய்வு பெறவைத்தது. நான்காமவர் வழக்குக் கட்டைப் பார்த்ததுமே மாற்றல் வாங்கிக்கொண்டு தீவுக்குப் போய்விட்டார்.

எது எவருடைய தலை? இரண்டிலும் பல் இல்லை. ஸீசிஸுக்குத் தலைக்கனம் அதிகம் என்று ஊரில் பேச்சு உண்டு. அதை நம்பி, பெரியதை ஸீசிஸின் பெட்டியிலும் சிறியதைக் கொஸ்மாஸின் பெட்டியிலும் வைத்து மூடி, ஆணியடித்தார். பலகைக்கு முட்டுக் கொடுத்தார். வெளியே வந்து பத்தடி நடந்தபிறகு, கொஸ்மாஸுக்குச் சந்தையில் எந்தத் தொப்பியுமே தலையில் நுழையாது என்பது நினைவுக்கு வந்தது. திரும்புவதற்குள் பாதிரியார் எதிரே வந்து தோளில் கை போட்டார். "வாடா, ஆட்டம் ஆரம்பிச்சுடும்!"

அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம்.

ஸீசிஸின் மனைவி எவாந்தியா ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை. பனி இடுப்பளவு விழுந்த வருடம், மண்வெட்டியால் தனக்குத் தானே பாதை வெட்டிக்கொண்டு போனவர். பெட்டி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் வெளியே நிற்கும் ஸ்டெர்யோஸ் அதே கணக்கைத்தான் போடுவார். உள்ளே கேட்டுக்கொண்டிருப்பது புருஷனா, புருஷனின் ஜென்ம விரோதியா? பாதிக்குப் பாதி.

அவர் எவாந்தியாவின் எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போக ஆரம்பித்தார். கூரையைச் சரிசெய்து கொடுத்தார். விறகு பிளந்து போட்டார். இன்னொரு பக்கம், கொஸ்மாஸின் பெட்டிக்கு ஆளே இல்லை. மகன் மெல்போர்னில். அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஸீசிஸ் என்றால் அந்த மனிதர் இருட்டில் அல்லவா கிடக்கிறார்? எனவே அங்கேயும் ஒரு விளக்கு. கொஸ்மாஸ் உயிரோடிருந்தபோது இவருக்குக் கண் தெரியாத கழுதையை விற்றவர். ஊர் குழம்பியது.

"மாப்ள," என்பார் காபிக்கடையில் பாண்டெலிஸ், "எவாந்தியா வீட்டுப் புகைபோக்கியை இந்த வருஷம் மூணாவது தடவை பூசுறியாமே?"

"மழைக்கு விரிஞ்சுடுதுப்பா."

"மழை எங்கடா பெஞ்சுது? ஏப்ரல்லேருந்து வானத்துல ஒரு சொட்டு இல்ல!"

"உள்ளேருந்து விரியுது."

"ஆமாமா, உள்ளேருந்துதான். பார்த்தாலே தெரியுது" என்று பாண்டெலிஸ் கண்ணடிக்க, கடை மொத்தமும் சிரித்து, பக்கத்து மலையில் ஆடுகள் மிரண்டு ஓடும்.

ஸ்டெர்யோஸின் மனைவி கலிரோய் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வீட்டு அடுப்பங்கரைக் கூரை எட்டு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது. "ஏழு சட்டி வச்சிருக்கேன். மழை வந்தா வீட்டுல பாண்டு வாத்தியம் வாசிக்குது. கொத்தனார் எங்கேன்னு கேட்டா, விதவை வீட்டுல இருக்கார்" என்று கிணற்றடியில் சொல்வாள்.

ஒருநாள் அவர் கோட்டுக்குள்ளிருந்து ஒரு பழைய தொப்பி விழுந்தது. எவாந்தியா வீட்டு ஆணியில் தொங்கியதை, அளவெடுத்துப் பார்க்கலாம் என்று மறைத்து எடுத்து வந்திருந்தார்.

"இது ஸீசிஸ் தொப்பிதானே?" என்றாள் கலிரோய். "இன்னொருத்தி புருஷன் தொப்பி என் வீட்டுக்குள்ள எப்படிய்யா வந்துச்சு?"

"காத்துல..."

"காத்துல! ஆணியிலேருந்து கழண்டு, கதவைத் திறந்து, தெரு தாண்டி, உன் கோட்டுக்குள்ள பூந்துச்சு!"

ஒரு வாரம் வைக்கோல் கொட்டகையில் படுத்தார். அளவும் உதவவில்லை. ஒரு மத்தியானம் பெட்டிகளைத் திறந்து தொப்பிக்குள் அளவெடுத்த நூலைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மண்டைக்குக் கொஞ்சம் இறுக்கம், மற்றதற்குக் கொஞ்சம் தளர்ச்சி. ஸீசிஸ் தொப்பியை இறுக்கமாகப் போடுவாரா, தளர்வாகப் போடுவாரா? யாரைக் கேட்பது?

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்துபார்த்தார். "சாமி, எவாந்தியாக்கா விஷயத்துல நான் ஒரு தப்பு..." என்று ஆரம்பித்ததுமே நெக்தாரியோஸ் காதைப் பொத்திக்கொண்டார். "போதும், போதும்! விவரம் வேண்டாம். நானும் இந்த ஊர்லதான் குடியிருக்கேன். நாற்பது நாள் இறைச்சி கிடையாது, எண்ணெய் கிடையாது, போ!" செய்யாத பாவத்துக்கான நாற்பது நாளையும் ஸ்டெர்யோஸ் ஒரு கடுகு குறையாமல் இருந்து முடித்தார். ஒன்பது கிலோ இளைத்தார். செய்த பாவம் இருந்த இடத்தில் இருந்தது.

இப்படியே அவர் காலமும் முடிந்திருக்கும். போன செப்டம்பரில்தான் எவாந்தியாவின் மகள் டோம்னா, லாரிசா நகரத்திலிருந்து வந்து, முழங்கால் வலியோடு அம்மா தனியாக இருக்க வேண்டாம் என்று முடிவு செய்தாள். ஒரு சனிக்கிழமை எலும்பறைக்குப் போகும் வழியில் ஸ்டெர்யோஸிடமிருந்து எண்ணெய்ப் புட்டியைக் கையில் வாங்கும்போது எவாந்தியாவே சொன்னார்.

"தம்பி ஸ்டெர்யோ, இனிமே உனக்கு இந்தச் சுமை இல்ல. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கார் வருது. ஸீசிஸையும் கூட்டிக்கிட்டுப் போறேன். அங்க கல்லறைத் தோட்டத்துல டோம்னா ஒரு மாடம் எடுத்துட்டா. முதல்ல அவரு. அப்புறம் நான். ரெண்டு பேரும் ஒண்ணா."

ஸ்டெர்யோஸ் அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானம் அவர் முன்னால் வைத்த மொச்சைச் சாறு ஆறியது. சூடுபண்ணி வைத்தாள், மறுபடி ஆறியது. மூன்றாம் முறை கலிரோய் கரண்டியைக் கீழே போட்டாள்.

"போறாளேன்னு அழறியா? அழு. நல்லா அழு. சாறுல உப்பு கம்மிதான்."

"கலிரோய், நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. ஊருக்கே தெரிஞ்சதை எனக்கும் சொல்லு."

சொன்னார். உளுத்த பலகை, மூன்றாவது அடி, உருண்டது, பெரியது, சின்னது, தொப்பி, நூல், எல்லாம். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாகக் கலிரோய் முழுசாக ஒரு கால் மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, அவமேல உனக்கு ஆசையே இல்லையா?"

"இல்லடி."

"ஒரு நாள்கூட?"

"ஒரு நாள்கூட இல்ல."

"அடப்பாவி!" மேசையில் ஓங்கி அடித்ததில் சாறு உத்தரம்வரை போனது. "பத்தொம்பது வருஷம் வயிறெரிஞ்சதெல்லாம் தண்டமா? அவளைவிட நல்லா இருக்கணும்னு மாசா மாசம் முடிக்குச் சாயம் பூசினேனேய்யா! மண்டையோட்டுக்காகவா பூசினேன்?"

கொஞ்ச நேரம் திட்டினாள். கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு இரண்டையும் நிறுத்திவிட்டு, "போய் அவகிட்டச் சொல்லு" என்றாள்.

"சொன்னா அந்த மனுஷி உடைஞ்சுபோயிடுவாங்க. இத்தனை வருஷம் பேசின பேச்செல்லாம்..."

"சொல்லலேன்னா? நாளைக்கு அவ கண்ணை மூடினதும் கொஸ்மாஸ் பக்கத்துல கொண்டுபோய் வைப்பாங்க. உலகம் முடியறவரைக்கும் அங்கதான் கிடப்பா. அது உனக்குப் பரவாயில்லையா?"

அவர் மேசையில் சிந்திய சாற்றை விரலால் வழித்தார்.

"உனக்குப் பயம்," என்றாள் கலிரோய். "அவ மனசு உடையும்னு இல்ல. உன்னை நல்லவன்னு நினைக்கிற ஒரே ஆளு அவதான். அதுவும் போயிடும்னு பயம்."

அடுத்த சனிக்கிழமை காலை எவாந்தியா கடைசித் தடவையாகப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டெர்யோஸ் உள்ளே போனார். கலிரோய் வாசலில் நின்றுகொண்டாள். ஓடி வந்தால் திருப்பி அனுப்ப.

ஸ்டெர்யோஸுக்குக் கொத்தனார் பாஷைதான் தெரியும். பலகையில் ஆரம்பித்தார். எந்த மரம், எத்தனை விரற்கடை, எங்கே உளுத்திருந்தது, பெட்டிகளை ஏன் இறக்கவில்லை. எவாந்தியா துடைத்துக்கொண்டே இருந்தார். கால்பந்தாட்டம் வந்தது, இரண்டு தலைகள் உருண்ட இடத்தில் அவர் கை நின்றது.

"எந்தப் பெட்டி?" என்றார்.

காட்டினார்.

"ஆணியைப் பிடுங்கு. ரெண்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவா."

முற்றத்துக் கல் பெஞ்சில் வெள்ளைத் துணி விரித்து இரண்டையும் வைத்தார். வெயில் நன்றாக விழுந்தது. எவாந்தியா ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தார். வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றின் நெற்றியையும் பின்மண்டையையும் விரலால் தடவினார்.

"ரெண்டு புட்டி திராட்சை ரசம் ஊத்தி இந்தக் கையாலதான் கழுவினேன். இருட்டுல தொட்டாக்கூட அவரைத் தெரியும்னு நினைச்சேன்." கண்ணைத் திறந்தார். "தெரியலையே."

ஸ்டெர்யோஸ் பத்தொன்பது வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்ததில் அழுகை இருந்தது, அடி இருந்தது, சாபம்கூட இருந்தது. இது இல்லை.

துடைக்கும் துணி அவர் முகத்தில் வந்து விழுந்தது. எண்ணெய்த் துணி. அதற்குப் பின்னால் எண்ணெய்ப் புட்டி பறந்து வந்தது, குனிந்து தப்பினார். அது கலிரோயின் காலடியில் உடைந்தது.

"நான் உள்ள உட்கார்ந்து என்னென்ன சொன்னேன்னு தெரியுமாடா உனக்கு? வாரா வாரம் எதைச் சொன்னேன்னு தெரியுமா?"

"தெரியாதுக்கா. காதுல விழுந்தாலும் கேட்க மாட்டேன்."

"அந்த எல்லைக்கல்லை நகர்த்தினது நான்!"

விழுந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்த ஸ்டெர்யோஸ் அதை மறுபடி கீழே விட்டார்.

"கல்யாணமாகி வந்த ரெண்டாவது மாசம்," என்றார் எவாந்தியா. "இருபது வயசு. கொஸ்மாஸ் என் சமையலைக் கேலி பண்ணிட்டான். கோபத்துல கடப்பாரையை வச்சு அந்தக் கல்லை ஆறடி தள்ளினேன். வாதுமை மரம் எங்க பக்கம் வந்துடுச்சு. காலையில சண்டை ஆரம்பமாச்சு. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள வக்கீல் வந்துட்டாங்க. எங்க வீட்டுக்காரர் சாகறவரைக்கும், தன் பக்கம்தான் நியாயம்னு சத்தியம் பண்ணிக்கிட்டே செத்தார். அவர் பெட்டிகிட்டதான் சொல்ல முடிஞ்சுது. சனிக்கிழமை சனிக்கிழமை மன்னிப்புக் கேட்டேன். கொஸ்மாஸ்கிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததே இல்ல."

கலிரோய் வாசலிலிருந்து மெதுவாகச் சொன்னாள். "பாதிக்குப் பாதி, கொஸ்மாஸ்கிட்டச் சொல்லியாச்சு அக்கா."

எவாந்தியா அவளை முறைத்தார். பிறகு பெஞ்சில் இருந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் கோணியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. போகப் போக அது சிரிப்புப் பக்கம் சாய்ந்தது. "வாயில பல்லு இருந்தா என்னை என்ன கேள்வி கேட்டிருப்பான்!" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போறேன்," என்றார். "ஒருத்தனுக்குத்தான் சொல்லியிருக்கேன். எவன்னு தெரியல. அங்க போய் ரெண்டு பேருக்கும் முதல்லேருந்து சொல்லணும்."

கொஸ்மாஸின் மகன் சம்மதிக்க வேண்டுமே. பாதிரியார் வீட்டு முற்றத்திலிருந்து மெல்போர்னுக்குப் போன் போட்டார்கள். பேச வேண்டியது ஸ்டெர்யோஸ்தான் என்று எவாந்தியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே மூன்றாவது முறை, அதுவும் பாதிரியார் காதில் விழும்படி, பலகையிலிருந்து ஆரம்பித்தார். எல்லைக்கல் விஷயத்தை எவாந்தியாவே போனைப் பிடுங்கிச் சொல்லிவிட்டார். நெக்தாரியோஸ் பாதிக் கதையில், தான் கொடுத்த நாற்பது நாளை நினைத்துத் தாடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மறுமுனையில் மகன் அனஸ்டிஸ் எல்லாவற்றையும் கேட்டு முடித்தான். பிறகு, "அப்பா பெட்டிக்கு விளக்கு எரியுதா?" என்று கேட்டான்.

"எரியுதுப்பா. சனிக்கிழமை தவறாம."

"யாரு ஏத்துறாங்க?"

"நான்தான்."

"நான் இந்தப் பதினெட்டு, இருபது வருஷத்துல ஒரு தடவைகூட வரல மாமா," என்றான். "கூட்டிக்கிட்டுப் போங்க. ஆனா ஸீசிஸ் மாமா பக்கத்துல மட்டும் வச்சுடாதீங்க. அப்பா எழுந்து மெல்போர்னுக்கே நடந்து வந்துடுவார்."

ஞாயிற்றுக்கிழமை டோம்னாவின் காரைச் சுற்றி இருநூற்றுப் பதினோரு பேர் நின்றார்கள். ஊரின் மொத்த ஜனத்தொகையே இருநூற்று நாலுதான். மிச்ச ஏழு பேர் செய்தி கேட்டு அடுத்த ஊரிலிருந்து வந்தவர்கள். பாண்டெலிஸ் முன்வரிசையில் நின்றார். இத்தனை வருடம் கண்ணடித்தது வீணாய்ப் போன வருத்தம் முகத்தில் தெரிந்தது. பின் இருக்கையில் வலது பக்கம் ஒரு பெட்டி, இடது பக்கம் ஒரு பெட்டி, நடுவில் எவாந்தியா.

"முன்னாடி வந்து உட்காரேம்மா, கால் நீட்டிக்கலாம்" என்றாள் டோம்னா.

"வேண்டாம். வழியில அடிச்சுக்குவாங்க."

ஸ்டெர்யோஸ் ஜன்னலருகே குனிந்தார். "அக்கா, என்னை மன்னிச்சுட்டீங்களா?"

எவாந்தியா அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார்.

"தம்பி, சொல்றதுக்கு நீ பத்தொம்பது வருஷம் எடுத்துக்கிட்டே. நான் கேட்டேனா, ஏன் இவ்வளவு நாளுன்னு? எனக்கும் ஒரு பத்தொம்பது குடு. யோசிச்சுச் சொல்றேன்."

"பத்தொம்பதா? உங்களுக்கு எழுபத்தாறு ஆச்சேக்கா!"

"எங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் தொண்ணூத்தெட்டுக்கு முன்னாடி போனதில்ல. நீதான் இருக்கணும். மாசத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வா. ரெண்டு பேருக்கும் விளக்கேத்தணும், என் முட்டிக்கு மாடம் வரைக்கும் ஏற முடியாது. வராம இருந்தே, பதில் கிடையாது."

கார் கிளம்பியது. முதல் வளைவில் மறைந்தது. கொஞ்ச நேரம் தூசி நின்றது, பிறகு அதுவும் இல்லை. ஆட்கள் காபிக்கடையைப் பார்த்துக் கலைந்தார்கள்.

ஸ்டெர்யோஸ் மனதுக்குள் கணக்குப் போட்டார். தனக்கு எழுபத்தொன்று. எழுபத்தொன்றும் பத்தொன்பதும் தொண்ணூறு. அப்பா எழுபத்து நாலில் போனார். தாத்தா அறுபத்தெட்டில். குடும்பத்தில் எவரும் எட்டாத உயரம். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்தார்.

கலிரோய் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, நொறுக்கி, தூர எறிந்தாள்.

"தொண்ணூறு," என்றாள். "நட வீட்டுக்கு. ஏணியைச் சாத்தி வச்சிருக்கேன். மழைக்கு முன்னாடி என் அடுப்பங்கரைக் கூரையில ஏறு. பார்த்து ஏறு."